நான்காம் நிலை சிறுநீரக நோயில் இரைப்பைக் கிருமித் தொற்று: காசிமேட்டு மீன் வியாபாரி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

நீண்டகாலச் சிறுநீரக நோய் உள்ள ஒருவர் சாப்பாடு இறங்கவில்லை, குமட்டுகிறது, வாய் கசக்கிறது என்று சொன்னால், உடலில் உப்பு ஏறிவிட்டது என்று முடிவு செய்வது வீட்டிலும் மருத்துவமனையிலும் பழக்கமாகிவிட்டது. பல நேரங்களில் அந்த முடிவு சரியாகவும் இருக்கிறது. ஆனால் இதே அறிகுறிகளை இரைப்பையில் வாழும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியும் தரும். அதைக் குணப்படுத்த முடியும். சிறுநீரகம் பழுதுபட்டவரிடம் அந்தக் கிருமியைத் தேடுவதும், தேடிக் கண்டபின் எந்த மருந்தை எந்த அளவில் கொடுப்பது என்று முடிவு செய்வதும் எளிதல்ல. இரண்டும் ஒரே நோயாளியிடம் சேர்ந்து வந்த நிகழ்வை, அவருடைய ஒப்புதலுடன், அடையாளம் தெரியாதவாறு இங்கே எழுதுகிறோம்.

நோயாளி 56 வயதுப் பெண். எடை 54 கிலோ. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியுமுன் நடக்கும் ஏலத்தில் மீன் எடுத்து, தண்டையார்பேட்டைத் தெருக்களில் கூடை சுமந்து விற்பவர். 15 ஆண்டுகளாக நீரிழிவும், ஏறத்தாழ 10 ஆண்டுகளாக உயர் இரத்த அழுத்தமும் உண்டு. சிறுநீரக நோய் கண்டறியப்பட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இன்சுலின், அம்லோடிபின் (இரத்த அழுத்தத்துக்கு), அடார்வாஸ்டாடின் (கொழுப்பைக் குறைக்க), ஃபுரோசமைட் (சிறுநீர் பெருக்கி), சோடியம் பைகார்பனேட், இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றை எடுத்து வந்தார். இரத்தசோகைக்காக வாரம் ஒரு முறை எரித்ரோபொய்டின் ஊசியும் போடப்பட்டு வந்தது. மருத்துவச் சீட்டில் இல்லாத இரண்டு மருந்துகள் பொறுமையாகக் கேட்டபோதுதான் தெரியவந்தன. மூட்டுவலிக்காக மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய டைக்ளோஃபெனாக்கை வாரத்தில் மூன்று நான்கு நாள் போட்டுக்கொண்டிருந்தார். வயிற்றெரிச்சலுக்கு அமிலமுறிவு சிரப்பை மூடியில் அளக்காமல் அப்படியே குடித்து வந்தார். முன்னது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் ஒருசேரக் கெடுக்கும். பின்னதில் இருந்த அலுமினியமும் மக்னீசியமும் வெளியேற வழியில்லாத உடலில் தங்கிவிடும்.

எங்களிடம் வருவதற்கு எட்டு மாதம் முன்பு, மேல்வயிற்று வலிக்காக ஒரு தனியார் கிளினிக்கில் அவருக்கு எண்டோஸ்கோபி செய்திருக்கிறார்கள். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் அழற்சி இருந்தது. திசுத்துணுக்கில் செய்த யூரியேஸ் பரிசோதனை கிருமி இருப்பதைக் காட்டியது. காலை ஒரு பட்டை, மாலை ஒரு பட்டை என்று ஒரே அட்டைப்பெட்டியில் வரும் கூட்டு மருந்து 14 நாளுக்கு எழுதித் தரப்பட்டது. ஒவ்வொரு வேளையிலும் அமாக்ஸிசிலின் 750 மி.கி., கிளாரித்ரோமைசின் 500 மி.கி., ஓர் அமிலத் தடுப்பு மாத்திரை. அப்போது, சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினின் அவருக்கு 2.4; சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் வடிதிறன் 23, அதாவது நான்காம் நிலை என்ற அளவில் இருந்தது. சிறுநீரகம் நலமாக உள்ளவரை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்பட்ட பெட்டி அது என்பதையும், வீட்டில் அவர் வேறு என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்பதையும் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை துறைமுகத்தில் தலைசுற்றி விழுந்தார். அருகிலிருந்த மருத்துவமனையில் பார்த்தபோது இரத்த அழுத்தம் 84/50, கால்களில் புதிதாக வீக்கம், கிரியாட்டினின் 3.5. உப்பு கூடிவிட்டதாகச் சொல்லிச் சிரைவழித் திரவம் கொடுத்தார்கள்; எல்லா மாத்திரையையும் நிறுத்தினார்கள். மூன்று வாரத்தில் கிரியாட்டினின் 2.6-க்கு இறங்கி நின்றது. அழுத்தம் ஏன் சரிந்தது என்ற கேள்வி அந்த வெளியேற்றக் குறிப்பில் இல்லை. கிருமி ஒழிந்ததா என்ற பரிசோதனையும் பிறகு நடக்கவில்லை.

அந்தக் குறிப்பை இப்போது திரும்பப் படிக்கும்போது காரணம் தெளிவாகத் தெரிகிறது. கல்லீரலில் பல மருந்துகளைச் சிதைக்கும் ஒரு முக்கிய நொதியைக் கிளாரித்ரோமைசின் முடக்கிவிடும். அம்லோடிபினும் அடார்வாஸ்டாடினும் அந்த நொதியை நம்பியிருப்பவை. நொதி முடங்கினால், அதே பழைய மாத்திரையை அதே அளவில் விழுங்கினாலும் இரத்தத்தில் அம்லோடிபினின் அளவு ஏறிக்கொண்டே போகும். இரத்தக் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் விழும். ஏற்கெனவே நலிந்த சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறையும். இந்த வகை அழுத்த மாத்திரைகளை எடுத்துவந்த முதியவர்களைப் பற்றிக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு, கிளாரித்ரோமைசின் பெற்றவர்கள் திடீர்ச் சிறுநீரகப் பழுதுடன் மருத்துவமனையில் சேர்வது அசித்ரோமைசின் பெற்றவர்களைவிட அதிகம் என்று காட்டியது. இந்தப் பெண்மணிக்கோ கிளாரித்ரோமைசினின் அளவும் பாதியாகக் குறைக்கப்படவில்லை. அந்த மருந்தில் ஒரு பகுதி சிறுநீர் வழியாக வெளியேறுவதால், வடிதிறன் 30-க்குக் கீழே போனவர்களுக்கு அளவைப் பாதியாக்குவதே முறை.

இம்முறை எங்களிடம் வந்தது இரண்டு வாரமாகச் சாப்பிட முடியாத நிலையில். "உப்பு ஏறிடுச்சு டாக்டர், டயாலிசிஸ் பண்ணாத்தான் அம்மா சாப்பிடுவாங்கன்னு சொல்லிட்டாங்க" என்றார் உடன் வந்த மகன். குமட்டல், சோர்வு, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குதல், மேல்வயிற்றில் பசித்த நேரத்தில் கூடும் வலி ஆகியவை இருந்தன. நாடித்துடிப்பு 108, இரத்த அழுத்தம் 104/64. ஹீமோகுளோபின் 6.8; மூன்று மாதம் முன்பு அது 9.4. யூரியா 172, கிரியாட்டினின் 2.9. இரத்தத்தில் மக்னீசியம் சற்றுக் கூடியிருந்தது.

யூரியா 172 என்ற எண்ணைப் பார்த்தவுடன் டயாலிசிஸ் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. ஆனால் அவருடைய பழைய சீட்டுகளில் யூரியா 84-இலிருந்து 90 வரைதான் இருந்தது. யூரியா இரட்டிப்பானபோது கிரியாட்டினின் 2.6-இலிருந்து 2.9-க்கு மட்டுமே நகர்ந்திருக்கிறது. சிறுநீரகம் மட்டும் மோசமாகியிருந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே ஏறியிருக்க வேண்டும். குடலுக்குள் இரத்தம் கசிந்தால் அது புரதமாகச் செரிக்கப்பட்டு யூரியாவாக மாறும். இரத்தம் இழந்ததால் சிறுநீரகத்துக்குப் போகும் ஓட்டம் குறைந்து யூரியா மேலும் தேங்கும். எரித்ரோபொய்டின் தவறாமல் போட்டும் ஹீமோகுளோபின் விழுந்ததும் அதே பக்கம்தான் கையைக் காட்டியது. மலம் எப்படிப் போகிறது என்று கேட்டோம். "கருப்பாத்தான் போகுது, சத்து மாத்திரை போட்டா அப்படித்தான் போகும்னு சொன்னாங்க" என்றார். இரும்பு மாத்திரை மலத்தைக் கரும்பச்சையாக்கும் என்பது உண்மை. ஆனால் அது கெட்டியாகவே இருக்கும். தார் போல ஒட்டி, தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாமல், தனியொரு நாற்றத்துடன் போவது இரத்தம். அவர் விவரித்தது பின்னதை. மலக்குடல் பரிசோதனையிலும் அதுவே உறுதியானது.

டயாலிசிஸ் தொடங்கவில்லை. பொட்டாசியம் 5.1 ஆக இருந்தது. நுரையீரலில் நீர்கோப்பு இல்லை. நினைவு தெளிவாக இருந்தது. அவசரமாகத் தொடங்கவேண்டிய காரணம் எதுவும் இல்லை. அம்லோடிபினையும் ஃபுரோசமைடையும் நிறுத்திவைத்தோம். சிறுநீரகம் தளர்ந்தவரிடம் இன்சுலின் உடலில் நெடுநேரம் தங்கும், சாப்பிடாதபோது சர்க்கரையை வீழ்த்தும் என்பதால் அதன் அளவைக் குறைத்தோம். அமிலத் தடுப்பு மருந்தான பான்டோப்ரசோலைச் சிரைவழி கொடுத்தோம். இரத்தம் ஒரே ஒரு யூனிட், மெதுவாக ஏற்றப்பட்டது. சிறுநீரக மாற்று அறுவைக்கு அவரைப் பரிசீலிக்க வாய்ப்பு உண்டு. ஏற்றும் ஒவ்வொரு யூனிட்டும் பிற்பாடு வரப்போகும் சிறுநீரகத்துக்கு எதிரான எதிரணுக்களை உடலில் வளர்க்கக்கூடும் என்பதால், தேவைக்கு மேல் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தோம்.

மறுநாள் எண்டோஸ்கோபியில் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் 12 மி.மீ. அகலப் புண் தெரிந்தது. அடிப்பகுதி சுத்தமாக இருந்தது, இரத்தம் கசியவில்லை, மறுபடி பெருக வாய்ப்புக் குறைவு. புண்ணின் விளிம்பிலிருந்தும், இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்தும் நடுப்பகுதியிலிருந்தும் தனித்தனியாகத் திசு எடுத்தோம். யூரியேஸ் பரிசோதனை கிருமி இல்லை என்றது.

அந்த விடையை நாங்கள் ஏற்கவில்லை. யூரியேஸ் பரிசோதனை, கிருமி தன் நொதியால் யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்குவதை நிறமாற்றத்தால் காட்டுவது. இரத்தம் கசிந்த இரைப்பையிலும், அமிலத் தடுப்பு மருந்து உள்ளே போயிருக்கும் நிலையிலும் அது, கிருமி இருந்தும் இல்லை என்று தவறாகக் காட்டுவது அடிக்கடி நடக்கிறது. நான்கு நாள் கழித்து வந்த திசு ஆய்வு அறிக்கையில், கீழ்ப்பகுதித் துணுக்கை விட நடுப்பகுதித் துணுக்கில் கிருமிகள் தெளிவாகத் தெரிந்தன. அமிலம் குறைந்த நிலையில் கிருமி மேல்நோக்கி நகர்வது எதிர்பார்க்கக்கூடியதே. புற்று அறிகுறி இல்லை. இந்தக் கிருமியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இலேயே புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்திருப்பதால், அந்த ஒரு வரியை நோயாளியிடமும் மகனிடமும் தனியாக வாசித்துக் காட்டினோம்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடம் இந்தக் கிருமி பொதுமக்களை விடக் குறைவாகவே காணப்படுகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அடிக்கடி ஆன்டிபயாட்டிக் கிடைப்பதும், நாளடைவில் இரைப்பைச் சவ்வு மெலிந்து அமிலம் குறைவதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இந்தச் செய்தியை வைத்துத் தேடலையே கைவிடுவோர் உண்டு. அது தவறு என்பது எங்கள் கருத்து. சிறுநீரக நோயில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சரியாக ஒட்டாததால் சிறு புண்ணும் நிறைய இரத்தம் கசியும். ஆகவே கிருமி குறைவாக இருக்கும் கூட்டத்திலும் அது இருப்பவருக்கு ஆபத்து அதிகம்.

மருந்தைத் தேர்ந்தெடுத்தது

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதவேண்டியிருக்கிறது. கிளாரித்ரோமைசின் எதிர்ப்பு மிகுந்த இடங்களில் இன்று முதலில் பரிந்துரைக்கப்படுவது பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், அமிலத் தடுப்பு மாத்திரை ஆகிய நான்கும் சேர்ந்த 14 நாள் சிகிச்சை. முதல் முயற்சி தோற்றவருக்கும் அதுவே வழி. ஆனால் வடிதிறன் 20-இல் நிற்பவருக்கு அதன் நான்கு மருந்துகளில் இரண்டு பொருந்தாதவை. பிஸ்மத் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும். தேங்கினால் மூளையைத் தாக்கிக் குழப்பம், நடுக்கம், தசைத்துடிப்பு ஆகியவற்றை உண்டாக்கும். 1970-களில் பிரான்சில் பிஸ்மத் உப்புகளை நீண்டகாலம் உட்கொண்ட பலருக்கு இத்தகைய மூளைப்பாதிப்பு வந்தது பதிவாகியுள்ளது. டெட்ராசைக்ளின் உடலில் புரதம் கட்டப்படுவதைத் தடுத்து யூரியாவை மேலும் ஏற்றும். அதற்குப் பதிலாகச் சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பான டாக்சிசைக்ளினைத் தரலாமே என்று கேட்கத் தோன்றும். இந்தக் கிருமியின் மீது அதன் பலன் குறைவு.

கிளாரித்ரோமைசினை மறுபடி தருவதற்கில்லை. அழுத்தம் வீழ்ந்த கதை ஒருபுறம். ஐந்து நாள் தின்று நிறுத்திய மருந்துக்குக் கிருமி பழகியிருக்க வாய்ப்பு அதிகம் என்பது மறுபுறம். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் அதே குடும்பத்தைச் சேர்ந்த அசித்ரோமைசினை அவர் சீட்டின்றிப் பலமுறை வாங்கி உண்டிருக்கிறார் என்பதும் கேட்டபோது தெரிந்தது. லீவோஃப்ளாக்சசினையும் ரிஃபாபியூட்டினையும் காசநோய் காரணமாக ஒதுக்கினோம். காசநோய் பரவலாக உள்ள பகுதியில், நீரிழிவும் சிறுநீரக நோயும் சேர்ந்த ஒருவர் அந்நோய்க்கு எளிதில் ஆளாகக்கூடியவர். அவருக்குத் தேவைப்படலாகும் மருந்துகளை வயிற்றுப் புண்ணுக்காகச் செலவிட எங்களுக்கு மனமில்லை. லீவோஃப்ளாக்சசின் காசநோயின் அறிகுறிகளைத் தற்காலிகமாக மறைத்துவிடும் என்பதும் சேர்ந்தே எண்ணப்பட்டது.

எஞ்சியவை அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும். மெட்ரோனிடசோல் எதிர்ப்பு நம் நாட்டில் மிகப் பரவலானது. வயிற்றுப்போக்கு என்றால் முதலில் கைபோவது அந்த மாத்திரைக்குத்தான். ஆயினும் ஆய்வகத்தில் தெரியும் எதிர்ப்பை, போதிய அளவும் 14 நாள் கால நீட்சியும் ஓரளவுக்கு வெல்ல முடியும். அமாக்ஸிசிலினுக்கு இந்தக் கிருமி எதிர்ப்பு காட்டுவது அரிது. அமாக்ஸிசிலின் விஷயத்தில் சிறுநீரக நோய் ஒரு வகையில் உதவவும் செய்கிறது. நலமான உடலில் அந்த மருந்தின் அளவு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான காலத்தில் பாதியாகிவிடும். கிருமியைக் கொல்லும் அளவைத் தக்கவைக்க அடிக்கடி கொடுக்கவேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவரிடம் அது பல மணி நேரம் தங்குகிறது. ஆகவே 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 500 மி.கி. என்ற குறைந்த அளவே போதும். மிகுந்தால் வலிப்பு வரலாம், சிறுநீரில் படிகமாகவும் படியலாம்.

இறுதியில் முடிவானது இது: அமிலத் தடுப்பு மாத்திரையான ரபிப்ரசோல் 20 மி.கி. காலையும் இரவும், உணவுக்கு அரைமணி முன்பு. அமாக்ஸிசிலின் 500 மி.கி. 12 மணிக்கொருமுறை, மெட்ரோனிடசோல் 400 மி.கி. மூன்று வேளை, உணவுடன், 14 நாள். அமிலத் தடுப்பு மாத்திரைக்குச் சிறுநீரகத்துக்காக அளவு குறைக்கவேண்டியதில்லை. டைக்ளோஃபெனாக்கும் அமிலமுறிவு சிரப்பும் நின்றன. மூட்டுவலிக்குப் பாரசிட்டமாலும், கூடையின் எடையைக் குறைக்க மகனுடைய தள்ளுவண்டியும்.

மெட்ரோனிடசோல் வாயில் உலோகச் சுவை தரும், குமட்டலும் வரும். யூரியா ஏறியவருக்கு வரும் அறிகுறிகளும் அவையே. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் உப்பு ஏறிவிட்டது என்று பயந்து பாதியில் நிறுத்திவிடுவார்கள் என்பதால், முதல் நாளே அவரையும் மகனையும் உட்காரவைத்து விளக்கினோம். ஒன்பதாம் நாள் மகன் தொலைபேசியில் அழைத்து அதையேதான் கேட்டார். மறுநாள் எடுத்த யூரியா 92, கிரியாட்டினின் 2.7. அந்த இரண்டு எண்களையும் அவரிடம் சொன்னபின் அம்மா மருந்தைத் தொடர்ந்தார். நீரிழிவால் ஏற்கெனவே கால் மரத்திருந்ததால், மரப்பு கூடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டு எழுதினோம், கூடவில்லை. 14 நாளும் ஒரு வேளை தவறாமல் முடித்தார்.

வாய்வழி இரும்பை நிறுத்திவிட்டோம். உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 38, டிரான்ஸ்ஃபெரின் நிறைவு 9 விழுக்காடு; இரண்டும் குறைவு. இந்தக் கிருமியால் அழற்சி கண்ட இரைப்பையில் இரும்பு சரியாக உட்கிரகிக்கப்படாது. மேலும் மலம் கருப்பாவதால் அடுத்த கசிவை மறைத்துவிடும். இரும்பு சுக்ரோஸ் சிரைவழி கொடுக்கப்பட்டது. அதன்பின் பழைய அளவிலேயே போடப்பட்ட எரித்ரோபொய்டின் வேலை செய்யத் தொடங்கியது.

கிருமி ஒழிந்ததா என்று பார்ப்பதற்கு ஆன்டிபயாட்டிக் முடிந்து குறைந்தது நான்கு வாரமும், அமிலத் தடுப்பு மாத்திரை நிறுத்தி இரண்டு வாரமும் ஆகவேண்டும். புண் ஆறுவதற்காக எட்டு வாரம் ரபிப்ரசோல் தொடர்ந்தது. அதை நிறுத்தியபின் வந்த இரண்டு வாரங்களுக்கு மட்டும், வேறு வகை அமிலக்குறைப்பு மருந்தான ஃபாமோடிடினை, சிறுநீரகத்துக்கேற்பக் குறைத்த அளவில், பரிசோதனைக்கு முந்திய நாள் வரை கொடுத்தோம். இரத்தத்தில் எதிரணு பார்க்கும் பரிசோதனையைச் செய்யவில்லை. கிருமி போனபின்னும் அது நெடுங்காலம் இருக்கிறது என்றே காட்டும். கிருமியின் புரதத்தை மலத்தில் தேடும் மல ஆன்டிஜன் பரிசோதனை கிருமி இல்லை என்றது. இரைப்பைப் புண் முழுதாக ஆறியதா என்று கண்ணால் பார்ப்பது அவசியம் என்பதால் எண்டோஸ்கோபியையும் மறுபடி செய்தோம். புண் இருந்த இடத்தில் தழும்பு மட்டுமே இருந்தது. இரண்டு இடங்களிலிருந்தும் எடுத்த துணுக்குகளிலும் கிருமி இல்லை. டைக்ளோஃபெனாக்கும் நின்று, கிருமியும் போய்விட்டதால், ரபிப்ரசோலை மறுபடி தொடங்கவில்லை. தேவையின்றி நீளும் அமிலத் தடுப்பு மாத்திரையும் சிறுநீரகத் திசுவில் அழற்சி உண்டாக்கக்கூடியது.

மூன்றாம் மாத முடிவில் ஹீமோகுளோபின் 10.1, யூரியா 86, கிரியாட்டினின் 2.7. குமட்டல் இல்லை, எடை 56 கிலோ ஆனது. சிறுநீரக நோய் இதனால் குணமாகிவிடவில்லை என்பதை மகனிடம் இரண்டு முறை சொன்னோம். பின்னால் தேவைப்படப்போகும் டயாலிசிஸுக்காக இடக்கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைக்கும் வழி) அமைக்க நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. மாற்றுச் சிறுநீரகத்துக்கான பரிசோதனைகளும் தொடங்கியுள்ளன. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்க அறுவைக்குப்பின் எடுக்கவேண்டிய டாக்ரோலிமஸும் கிளாரித்ரோமைசினுடன் கடுமையாக மோதும் மருந்து. கிருமியை முன்னதாகவே ஒழித்தது அந்த வகையிலும் பயனுள்ளதே.

மருந்து எழுதும் எவரும், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை எடுத்துக்கொடுப்பவரும் பார்ப்பதற்காக, அவருடைய மருந்துப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் வடிதிறன் எண்ணையும், கூடாத மருந்துகளாக டைக்ளோஃபெனாக் வகை வலிமாத்திரைகள், கிளாரித்ரோமைசின், பிஸ்மத், அலுமினியமோ மக்னீசியமோ உள்ள சிரப் ஆகியவற்றையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தோம்.

மீன் நாற்றத்தாலோ லாரித் தண்ணீராலோ இது வந்ததா என்று மகன் கேட்டார். இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், ஒரே வீட்டில் நெருங்கி வாழ்பவர்களிடமிருந்து வாய்வழி வருவது. அசுத்தத் தண்ணீரும் ஒரு வழியாகலாம். மீனால் அல்ல என்று சொன்னோம். தனக்கும் பல மாதமாக மேல்வயிற்றில் எரிச்சல் உண்டு என்று அப்போதுதான் அவர் சொன்னார். மல ஆன்டிஜன் பரிசோதனையில் அவருக்கும் கிருமி இருந்தது. வயது 31, சிறுநீரகம் நலம். அம்மாவுக்குத் தர முடியாத பிஸ்மத் நால்வகைச் சிகிச்சையை அவருக்கு முழு அளவில் 14 நாள் எழுதினோம்.